ஒலிப்பதிவு வரலாற்றில் உரசொலிச் சிக்கல்

ஸகரம், ஷகரம் முதலான உரசொலிகள் பதிவில் மிகைப்பட்டுச் சீறலாக ஒலிப்பதைப் பாடுவோரின் குறையாகக் கருதும் வழக்கம் உண்டு. பதிவுக் கருவிகளின் வரலாறு இக்கருத்துக்கு மாறான சான்றுகளைத் தருகிறது.

தொடக்கத்தில் நிலவியது மிகை அன்று, இழப்பே. எடிசன் 1877இல் உருவாக்கிய போனோகிராப்பைப் பின்னர்த் திருத்தியமைத்தபோது, 'ஸ்பீஷி' என்னும் சொல்லைக் கருவி 'பீஷி' என்றே திருப்பிச் சொன்னதாகவும், அவ்வொரு சொல்லுக்காகப் பல மாதங்கள் உழைத்ததாகவும் கூறியுள்ளார். கூம்புக்குழல்வழிப் பதிவு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் இழந்தது. ஸகரத்தின் ஆற்றலோ பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் அமைவது. 1925இல் மைக்ரோபோன்வழி மின்பதிவு வணிக இசைத்தட்டுகளுக்கு வந்தபின் மேல் எல்லை 5,000 ஹெர்ட்ஸ் அளவிற்கு உயர்ந்தது. 1948இல் எல்பி தட்டு வெளிவந்ததும், கண்டென்சர் மைக்ரோபோன்கள் பரவியதும் இழந்த ஒலியை மிகையாகத் திருப்பித் தந்தன. உயர் அதிர்வெண்களை மிகுத்துத் தட்டில் வெட்டும் முறை சிக்கலைக் கூட்டிற்று. எனவே உரசொலி எழும் கணத்தில் மட்டும் அளவைக் குறைக்கும் 'டி-எஸ்ஸர்' தட்டு வெட்டும் கூடங்களில் இடம்பெற்றது.

1979இல் வெளிவந்த போர்ட்டாஸ்டூடியோ பல்தடப் பதிவை வீட்டிற்குள் கொண்டுவந்தது. சிக்கலும் உடன் வந்தது. மைக்ரோபோனை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தலும், இடைவெளியைக் கூட்டுதலும் அங்கு முதல் தீர்வுகள், டி-எஸ்ஸர் அடுத்ததே. அதனை மிகுதியாகப் பயன்படுத்தினால் ஸகரம் மழுங்கிச் சொல் திரியும். எடிசனின் கருவி தவறவிட்ட ஒலி, இம்முறை மனிதர் கையாலேயே இழக்கப்படும்.