எலிப்பொறியும் அறநெறியும்

மனிதன் பயிர்த்தொழில் தொடங்கிய நாள் முதலாகவே அவனுக்கு அழையாத பங்காளி ஒருவன் உண்டு. உழும்போது அவன் உதவ மாட்டான். நீர் பாய்ச்சும்போது அருகில் வர மாட்டான். கதிர் முற்றும் தறுவாயில் மட்டும் தன் பங்கைத் தவறாது எடுத்துச் செல்வான். வயல் வரப்பில் வளை தோண்டி வாழும் எலியைத்தான் சொல்கின்றோம். தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ பிறந்து, இன்று மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மில் பலருக்கு, இளமையில் கண்ட வயலோடு அந்த வயலின் எலி வளைகளும் நினைவுக்கு வரக்கூடும். அறுவடை முடிந்ததும் வளைகளைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிர்களை ஏழை மக்கள் எடுத்துச் சென்ற காட்சியையும் சிலர் கண்டிருப்பர்.

இந்தப் பங்காளியை எவ்வாறு அடக்குவது என்பது உழவரின் கவலை மட்டும் அன்று. இந்நாட்டின் அரசியல் நூலாரும், பேரரசரும், பிற்காலத்துச் சட்டமன்றங்களும் சிந்தித்த பொருள் அது. எந்த உயிரைப் பிடிக்கலாம், எவ்வாறு பிடிக்கலாம், பிடிப்பவன் எப்படி வாழ்வான் என்னும் கேள்விகள் அன்றும் எழுந்தன, இன்றும் எழுகின்றன. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நாட்டுக்கு நேரும் பெருந்துன்பங்களை எட்டாக வகுக்கிறது. தீ, வெள்ளம், நோய், பஞ்சம் ஆகியவற்றை அடுத்து எலியையும் அந்நூல் சேர்த்திருப்பது கருதத்தக்கது. எலி பெருகினால் பூனைகளையும் கீரிகளையும் ஊரில் விடவேண்டும். அவற்றைப் பிடிப்பவனுக்கும் கொல்பவனுக்கும் 12 பணம் தண்டம் விதிக்கவேண்டும். கள்ளிப்பால் தடவிய தானியத்தைத் தூவலாம். மக்களிடம் எலிவரியும் வாங்கலாம் என்று அந்நூல் கூறும். எலியைத் தின்னும் உயிருக்குச் சட்டத்தின் காவலை அளித்தால் எலி தானே குறையும் என்ற நுட்பம் இதில் அமைந்துள்ளது. இயற்கையின் எதிரிகளைக் காத்துப் பயிரைக் காப்பது என்று இக்கால அறிவியலார் கூறுவதும் இதுவே. பல நூற்றாண்டுகள் வழக்கிழந்து கிடந்த இந்நூலின் ஏட்டுச்சுவடியை மைசூர் அரசாங்க நூல்நிலையத்துக்கு அளித்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்பதும், அதனை ஆராய்ந்து 1909-ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் அந்நூல்நிலையத்தின் சாம சாஸ்திரியார் என்பதும் நாம் அறிந்து மகிழத்தக்க செய்திகள்.

தில்லியில் வாழும் அன்பர்கள் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் கல்தூணைப் பார்த்திருப்பர். தோப்ரா என்னும் ஊரிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் துக்ளக் கொணர்ந்து நிறுத்திய அசோகர் தூண் அது. அதில் பொறித்த ஐந்தாம் கட்டளை, முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் அப்பேரரசர் கொல்லத்தகாதவை என விதித்த உயிர்களின் பட்டியலாகும். கிளி, மைனா, வௌவால், முள்ளம்பன்றி, அணில் ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் பல, கதிரையோ கனியையோ கிழங்கையோ உண்டு உழவனுக்கு இழப்பை உண்டாக்குபவை. அவற்றையும் பேரரசர் காத்தார். உயிர்கள் ஒளிந்திருக்கும் உமியைக் கொளுத்தலாகாது, காட்டை வீணே எரிக்கலாகாது என்றும் ஆணையிட்டார். கௌடிலியர் பயிரின் பக்கம் நின்று பேசினார். அசோகர் உயிரின் பக்கம் நின்று பேசினார். இவ்விரு குரல்களுக்கும் நடுவே ஒரு வழி தேடுவதுதான் அதன் பிறகு வந்த வரலாறு எனலாம்.

இனி, ஏடும் தூணும் விடுத்து வயலுக்கு வருவோம். நம் நாட்டு உழவர் கையில் கிடைத்த பொருளைக் கொண்டே பொறி செய்தனர். காவிரிப் படுகையில் மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிற்றுச் சுருக்குடன் அமைத்த பொறிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர். இரையைக் கடித்த கணத்தில் வில் நிமிர்ந்து, சுருக்கு இறுகி, எலி மடியும். கோதாவரிக் கழிமுகத்தில் பனையோலையால் முடைந்த கூடைப் பொறிகளைப் ‘புட்ட’ என்பர். அங்கே இத்தொழிலில் தேர்ந்தவர்கள் ஊராரோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டு வயல்தோறும் பொறி வைப்பது வழக்கம். இப்பொறிகளில் நஞ்சு இல்லை. ஆதலின் வயலில் இறந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பருந்துக்கும் கேடு இல்லை. நன்றாக அமைத்தால் எலியின் வேதனையும் நொடியில் முடியும்.

ஆயின், ஒருவர் மட்டும் தம் வயலில் பொறி வைத்துப் பயன் காண்பது அரிது. வயலெலி ஏறக்குறைய மூன்று வாரமே சூல் கொண்டு, ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும். ஒரு வயலில் வெற்றிடம் ஏற்பட்டால் அடுத்த வயலின் எலி அங்கே குடியேறும். எனவே ஊர் முழுவதும் ஒரே காலத்தில், கதிர் வெளிப்படுவதற்கு முன்பே பொறி வைக்கவேண்டும். கூட்டுறவு இன்றி எலியை வெல்ல முடியாது என்பது பழைய உழவர் கண்ட உண்மை.

காலம் கடந்து பொறி வைத்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. நீலகிரியில் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதை நாம் அறிவோம். அதுபோல, மிசோ மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. அதன் காய் பேரிக்காய் போலப் பெரியது. அந்தக் காயை உண்டு எலிகள் கணக்கின்றிப் பெருகுகின்றன. காய் தீர்ந்ததும் நெல் வயல்களில் இறங்குகின்றன. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவு அழிந்துபோவதும் உண்டு. அம்மக்கள் இதனை ‘மௌதாம்’ என்பர்.

முன்பு 1911-ஆம் ஆண்டை ஒட்டி இத்துன்பம் நேர்ந்ததை நினைவில் வைத்திருந்த மிசோ முதியோர், அடுத்த பூப்புக் காலம் நெருங்குவதை அறிந்திருந்தனர். 1958-ஆம் ஆண்டிலேயே மிசோ மாவட்டக் கவுன்சில் பஞ்சம் வரப்போகிறது என்று அஸ்ஸாம் அரசாங்கத்தை எச்சரித்தது. மூங்கில் பூத்தால் பஞ்சம் என்பது மலைமக்களின் மூடநம்பிக்கை என்று எண்ணிய அதிகாரிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1959-இல் பஞ்சம் வந்தேவிட்டது. பிறகுதான் எலிவால் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். மரக்கட்டையும் கல்லும் விழுந்து நசுக்கும் தம் பழைய பொறிகளைக் கொண்டு மக்கள் எண்ணற்ற எலிகளைக் கொன்று வால்களைக் குவித்தனர். வால் குவிந்தது, களஞ்சியம் நிறையவில்லை. பசித்தவர்க்கு உதவ 1960-இல் எழுந்த ‘மிசோ தேசியப் பஞ்ச முன்னணி’ அடுத்த ஆண்டிலேயே ‘மிசோ தேசிய முன்னணி’ என்னும் அரசியல் கட்சியாயிற்று. 1966-இல் அக்கட்சி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அங்கே அமைதி உடன்பாடு கையெழுத்தானது 1986-ஆம் ஆண்டில்தான். ஓர் எச்சரிக்கையைக் கேளாமையின் விளைவு இருபது ஆண்டுத் துன்பமாக வளர்ந்தது. 2007-ஐ ஒட்டி மூங்கில் மீண்டும் பூத்தபோது மிசோரம் அரசாங்கம் முன்கூட்டியே திட்டம் வகுத்துக்கொண்டது. பயிர் இழப்பு பெரிதாகவே இருந்தது. ஆயினும் பழைய கொடுமை திரும்பவில்லை.

இனிச் சட்டத்தின் கதையைக் காண்போம். சென்னை மாகாணத்தில் 1873-இலும், பிரிட்டிஷ் இந்தியாவுக்கென 1879-இலும் காட்டு யானையைக் காக்கும் சட்டங்கள் பிறந்தன. யானையைக் கொல்லுதல் குற்றம் என்று விதித்த 1879-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பயிரையும் அழிக்கும் யானைக்கு விலக்கு அளித்தது. உயிரைக் காப்பது பொது விதி, பயிரைக் காப்பது அதற்கு விலக்கு என்ற முறை அன்றே வேரூன்றியது.

பிடிக்கும் முறையில் கொடுமை கூடாது என்னும் எண்ணத்துக்குச் சுதந்திர இந்தியாவில் வலுவூட்டியவர் நம் தமிழகத்துப் பெண்மணி ஒருவர். அவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்க ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே அத்தகைய சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தமையால் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே நாடு முழுமைக்கும் பணியாற்றியது. தேவையற்ற வேதனையைத் தருவது குற்றம் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி.

பின்னர் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குள் சுருக்கு வைத்தலையும் பொறி வைத்தலையும் அடக்கியது. பாதுகாக்கப்பட்ட விலங்கு பயிரை அழித்தாலும் உழவர் தாமே அதைக் கொல்லலாகாது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். சில வேளைகளில் மத்திய அரசாங்கம் ஒரு விலங்கைக் குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் தொல்லை விலங்கு என்று அறிவிக்கும். 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பீகாரில் நீலகாய் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும், உத்தரகண்டில் காட்டுப்பன்றிக்கும் இவ்வாறு ஓராண்டுக்கு அறிவிப்பு வந்தது. எலியோ சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை.

சட்டம் நல்லதே. ஆயினும் அது ஓர் எளிய குலத்தின் வயிற்றிலும் அடித்தது என்பதை நாம் மறைக்கலாகாது. தமிழகத்து இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்றும், எலி பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களின் பிழைப்பைப் பறித்தன. அதன் பிறகு 1978-இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உரிமம் பெற்றுப் பாம்பைப் பிடிப்பர். சில முறை நஞ்சை எடுத்தபின் உயிரோடு காட்டில் விடுவர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. கொல்லும் தொழிலாக இருந்தது உயிர்காக்கும் தொழிலாக மாறியது. அக்குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர்.

எலி பிடிப்பதிலும் அவர்கள் துன்பம் சிறிதன்று. மண்பானையில் நெருப்பிட்டு, வளையின் வாயில் வைத்து, வாயால் ஊதிப் புகையேற்றுவது அவர்கள் வழக்கம். அதனால் உதடும் கையும் வேகும். நெஞ்சில் புகை நிறையும். கைப்பிடி சுழற்றிப் புகையேற்றும் உலோகக் கருவி இந்நூற்றாண்டில் வந்தபின் அத்துன்பம் குறைந்தது. இரக்கம் என்பது பிடிபடும் உயிருக்கு மட்டும் உரியதன்று. பிடிக்கும் மனிதனுக்கும் உரியது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இன்று நம்மை எதிர்நோக்கும் தீமைகள் வேறு. காட்டுப்பன்றிக்கென வேலியோரம் வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் சிக்கி, இடுப்பு அறுபட்டு இறக்கின்றன. வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சும் மின்சாரம் யானையையும் கொல்கிறது. இரவில் நீர் பாய்ச்ச வரும் உழவனையும் கொல்கிறது. நகரங்களில் விற்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும் எலி, பசியாலும் அச்சத்தாலும் நெடுநேரம் துடித்து மடிகிறது. பல்லியும் குருவியும் அதில் சிக்குகின்றன. விலங்குநல வாரியம் அதற்கு எதிராக அறிவுறுத்தியுள்ளது. பல மாநில அரசாங்கங்கள் தடையும் விதித்துள்ளன.

ஊரில் நிலம் வைத்திருக்கும் நம்மவர், குத்தகைக்காரருக்கோ உடன்பிறந்தாருக்கோ கடிதம் எழுதும்போது இவற்றையும் நினைவூட்டலாம். வரப்பை அகலமாக விடாமல் குறுக்கி, வளை தோண்ட இடம் கொடாதிருப்பது முதல் வேலை. இரவில் ஆந்தை வந்து அமர வயலில் குச்சி நடுவது அடுத்தது. பொறி வைத்தால் தினமும் காலையில் பார்க்கவேண்டும்; வேறு உயிர் சிக்கியிருந்தால் உடனே விடுவிக்கவேண்டும். கூண்டுப்பொறியை வெயிலில் விட்டு மறந்துபோவது பசை அட்டையினும் குறைந்த கொடுமையன்று. எலியல்லாத விலங்கு பயிரை அழித்தால் வனத்துறைக்கு எழுதுவதே முறை. மும்பை அடுக்குவீட்டில் இருப்போர்க்கும் இது பொருந்தும். 1896-இல் அந்நகரில் பிளேக் முதன்முதல் தெரிந்தது தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வியில்தான். தானியத்தை மூடி வைத்து, சுவர்த் துளையை அடைத்த வீட்டில் பொறிக்கே வேலை இராது.

கௌடிலியர் பூனைக்கும் கீரிக்கும் காவல் அளித்தார். அசோகர் அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் அடைக்கலம் தந்தார். உழவனின் சோறும் உயிரின் மதிப்பும் ஒன்றுக்கொன்று பகையாகவேண்டுவதில்லை. காலம் அறிந்து, அளவு அறிந்து, வேதனை குறைத்துப் பொறி வைப்பவன் இரண்டையும் காப்பாற்றுகிறான்.