இப்படிக்கு

மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதிலே என்ன வரலாறு என்று நீங்கள் கேட்கலாம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பவுல் சொல்லச்சொல்ல எழுதியவர் தெர்தியு. வேறொரு நிருபத்தின் முடிவில், வாழ்த்தை மட்டும் தன் கையாலேயே எழுதுவதாகவும் அதுவே தன் கடிதங்களுக்கு அடையாளம் என்றும் பவுல் சொல்கிறார். நம் ஊர்க் கடிதங்களில் அந்த இடத்தில் நின்ற சொல் ‘இப்படிக்கு’.

யுனிக்ஸ் கணினிகளில் இந்தக் கையொப்பம் ஒரு சின்னக் கோப்பு. இரண்டு சிறு கோடுகளும் ஓர் இடைவெளியும் போட்டால், அதற்குக் கீழே கையொப்பம் என்று பொருள். 1995இல் வெளியான இணைய நடத்தை வழிகாட்டி, நான்கு வரிக்கு மேல் வேண்டாம் என்றது. பலர் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டிய காலம் அது.

நான் முதலில் பாவித்த அஞ்சல் மென்பொருள் யூடோரா. 1988இல் ஸ்டீவ் டோர்னர் உருவாக்கியது. யூடோரா வெல்ற்றி என்ற சிறுகதை எழுத்தாளரின் பெயரை அதற்கு வைத்தார். இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை!

தமிழுக்குத்தான் சிக்கல். சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைத் தந்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். பிறகு திஸ்கி வந்தது. அதில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128இல் ஆங்கிலம், மிச்சத்தில் தமிழ். ஆனால் மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் பிரெஞ்சின் கொம்பு வைத்த எழுத்துகள் இருந்ததும் அதே மேல் பாதியில்தான். இந்த மொன்றியலில் இரண்டு மொழியும் ஒரே கதிரைக்குச் சண்டை பிடித்தன.

2000ஆம் ஆண்டு, தாதிப் பயிற்சியில் இருந்தபோது, கொழும்பிலிருந்த அப்பாவுக்குத் தமிழ்க் கையொப்பத்தோடு ஒரு மடல் போட்டேன். அவர் போன இணையக் கடையில் அந்த எழுத்துரு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டார்: “பிள்ளை, பிரெஞ்சு நல்லாப் படிச்சிட்டாய் போல. ஆனா எனக்கு விளங்கேல்லையே.” நானும் சிரித்தேன். அடுத்த மடலை ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் பிறகு எல்லாமே ஆங்கிலம்தான். 2003இல் அப்பா போய்விட்டார்.

யூனிகோடில் 1991இலேயே தமிழுக்குத் தனியாக 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். விண்டோஸ் 2000இல் அதற்கு ஆதரவும் இருந்தது. கடைக் கணினிகள் வரைக்கும் அது வந்துசேரத்தான் காலம் எடுத்தது.

இப்போது தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளைத் திறந்தால் கையொப்பத்துக்கென்றே ஒரு பெட்டி. என்னுடையது நான்கே வரி. முதல் வரியில் தமிழில் என் பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து. அடுத்தது பிரெஞ்சுக்காரருக்காக அதே பெயர். பிறகு ‘ஆன்ஃபிர்மியேர்’, அதாவது தாதி. கடைசியில் தொலைபேசி எண்.

ஹெய்ற்றியிலிருந்து வந்த சக தாதி ஒருத்தி போன வாரம் அந்த முதல் வரியை எப்படி வாசிப்பது என்று கேட்டாள். அப்பாவின் எழுத்திலிருந்து தொடங்கினேன்.