ஓம்படையும் அருவியும்: தென்காசி, குற்றாலப் பகுதியில் இயற்கைப் பொறுப்பு குறித்த வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: ஓம்படைக்கிளவி, தென்காசிக் கல்வெட்டு, குற்றாலக் குறவஞ்சி, காப்புக்காடு, பருவநிலை மாற்றம்

முன்னுரை

பருவநிலை மாற்றம் குறித்த இன்றைய விவாதத்தில் ‘மனிதகுலத்தின் பொறுப்பு’ என்னும் தொடர் ஓயாது ஒலிக்கிறது. அம்மனிதகுலத்துள் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் வினா அத்தொடருக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி உச்சி மாநாடு ‘பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்பு’ என்னும் நெறியை ஏற்றது இச்சிக்கலை உணர்ந்தேயாகும். பொறுப்பை இன்னார் கையில் என ஒப்படைக்கும் வழக்கம் தமிழ்க் கல்வெட்டுகளில் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கம் குற்றால மலைக்கும் அருவிக்கும் எட்டியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லில் வைத்த அடைக்கலம்

15ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அங்கு விசுவநாதர் கோயிலை எழுப்பினான். பிற்காலத்தில் அக்கோயிலுக்கு ஊறு நேருமாயின், அதனைச் சீர்செய்வோர் எவராயினும் அவரடியில் வீழ்ந்து வணங்குவதாகச் செய்யுளில் கல்வெட்டுப் பொறித்தான். அறம் காத்தார் அடியைத் தலைமேற் கொள்வதும் அழித்தாரைப் பழிப்பதும் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் ஓம்படைக்கிளவியின் பொது மரபே. எனினும், முடிவேந்தன் ஒருவன் இன்னும் பிறவாதவர் முன் பணிந்து நிற்கும் இக்குரல் தனித்துக் கேட்கிறது. பின்னாளில் சிதைந்து மொட்டைக் கோபுரமாக நின்ற இராசகோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. ஐந்து நூற்றாண்டு கடந்தும் அவ்வேண்டுகோளைக் கேட்க ஆளிருந்தது.

நீரும் இவ்வொப்படைப்பு முறைக்குப் புறம்பானதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேரும் முறையை வகுத்துரைக்கின்றன. ஆயினும் கோயில், ஏரி, வயல் என மனிதர் ஆக்கியவற்றுக்கே இக்காவல் பெரிதும் அமைந்தது. நீரைத் தேக்கித் தரும் காடு அதனுள் எளிதில் இடம்பெறவில்லை. குறையாது என எண்ணப்பட்ட வளத்துக்குக் காவல் தேடாமை வியப்பன்று.

உறவாகிய மலை

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி இதற்கு வேறொரு விடை தருகிறது. அங்குக் குறத்தி மலைகளை உறவுமுறை சொல்லி அடுக்குகிறாள். விந்தியம் அவள் தந்தையின் மலை. இமயம் தமையனின் மலை. கொல்லி தங்கையின் மலை. பழனி கணவனின் காணி. காணி என்பது வழிவழி உரிமையைச் சுட்டும் சொல். எனவே மலை இங்குச் சுற்றமாகவும் உடைமையாகவும் ஒருங்கே நிற்கிறது. அவள் கணவன் சிங்கனோ நூலின் பிற்பகுதியில் பறவைகளுக்குக் கண்ணி வைக்கிறான். இந்நூலைச் சூழலியல் சாசனமாகவே காட்ட விழைவோர் அக்கண்ணியை மறந்துவிடுகின்றனர்.

காடும் மழையும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் குற்றாலம் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றுக்கான சோதனை நிலமாயிற்று. அதே ஆட்சியின் மருத்துவரான எட்வர்ட் பால்ஃபர், 1840களின் இறுதியில், மரங்கள் மழைக்கும் ஈரத்துக்கும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பது பற்றிச் சென்னையில் எழுதினார். காடழிந்தால் வானிலை மாறுமா என்னும் வழக்கு இம்மாகாணத்துக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. 1856இல் ஹியூ கிளெக்கார்ன் மாகாணத்தின் வனக் காப்பாளரானார். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் மரம் வெட்டுதல், தீயிடுதல், மேய்த்தல் முதலியவற்றைத் தண்டனைக்குரியன ஆக்கியது. காட்டுக்கு முதன்முறையாகச் சட்டக் காவல் வாய்த்தது. காவலரே மர வணிகராகவும் இருந்தனர். மலையைக் காணியெனக் கூறிய குறத்தியின் வழியினரோ அதனுள் நுழைய இசைவு பெற வேண்டியவராயினர்.

அருவியின் இன்றைய வழக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றே குற்றாலச் சாரலைத் தருகிறது. அருவிநீர் சிற்றாறாகி, அணைக்கட்டுகள் வழியே குளங்களை நிரப்பி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே ஒருவர் திருப்பும் நீர் கீழே பலருடைய பாசனம். தனியார் விடுதிகள் மலைநீரைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்தது குறித்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் நடவடிக்கைக்கு ஆணையிட்டது இதனால் முதன்மை பெறுகிறது.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரின் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியை ஏற்கும். இதனால் பெருமழைக்கு வாய்ப்புக் கூடும். எனினும் தனியொரு மழையை ஆய்வின்றி அக்கணக்கில் சேர்ப்பது முறையன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. 2024 மே 17 அன்று, சாரற்காலம் தொடங்குமுன்பே, மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரைப் பலிகொண்டது. மேலே பெய்யும் மழையைக் கீழே குளிப்போருக்கு உரிய நேரத்தில் அறிவிக்கும் கடமை எவருடையது என்னும் வினாவுக்கு ‘மனிதகுலம்’ என்பது விடையாகாது.