கல்லுக்குள் எண்ணெய்: தா.பழூர்ப் பகுதியின் நிலவரலாறு

தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடம். ஆற்றுக்கு அப்பால் தஞ்சை மாவட்டம். வடக்கே செயங்கொண்டத்துச் செம்மண் மேடும் முந்திரித் தோப்புகளும். மேற்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல் நிலம். இவற்றுக்கு நடுவே நெல் விளையும் இம்மண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்பது, நிலவியல் அறிஞர் மட்டுமே கேட்டுவந்த கேள்வியாக நெடுங்காலம் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது உழவரின் வாசற்படிக்கே வந்துவிட்டது. விடை காண முதலில் அரியலூர்ப் பக்கம் செல்லவேண்டும். ஏனெனில் கிழக்கே ஆழத்தில் புதைந்து கிடக்கும் அதே காலத்துப் பாறைகள் அங்கே வெயிலில் காய்கின்றன.

1840-களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி வட்டாரங்களில் கல்லாகிப்போன சிப்பிகளைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். அடுத்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு இப்பகுதியை அளந்து, 1862-இல் வெளியான தம் அறிக்கையில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். மொராவிய நாட்டவரான ஸ்டோலிச்கா கல்கத்தாவில் அமர்ந்து, இங்கிருந்து சென்ற நத்தைகளையும் சிப்பிகளையும் பவளங்களையும் ஒவ்வொன்றாக விவரித்துப் பெருந்தொகுதிகள் எழுதினார். 1874-இல் லடாக்கின் பனிமலைப் பயணத்தில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 36. நம் ஊர்க் கற்களைப் பற்றி விரிவாக எழுதியவரின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் இங்கே பலமுறை ஏறியும் இறங்கியும் இருந்தது என்பதே அவர்கள் எழுத்தின் சாரம். சாத்தனூரில் 1940-இல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம், அக்கடலோரம் காடு இருந்ததற்குச் சான்று. நம் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுப்பதும் அக்கடலின் சுண்ணாம்பைத்தான். கோவில் கட்டினாலும் வீடு கட்டினாலும் அந்தப் பழங்கடலின் ஒரு பங்கு சுவரில் இருக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த அடுக்குகளைக் கொண்டு காலத்தைப் படிக்கலாம், கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்னும் நெறியை வகுத்தவர் திருச்சபையின் ஆயர் ஒருவர் என்பதை நம் வாசகர்கள் அறிய விரும்பலாம். டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், 1669-இல் வெளியிட்ட நூலில் இதனை எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கத்தோலிக்கராகியிருந்தார். 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். பாறையைப் படிப்பது தொடக்கநூலுக்கு எதிராகிவிடும் என்று அஞ்சுவோர் இவரை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பழைய தென்கண்டம் பிளந்தபோது இந்நிலம் பள்ளங்களும் மேடுகளுமாகப் பிளவுண்டது. அப்பள்ளங்களில் ஒன்றே அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம். கடலின் நுண்ணுயிர்கள் மடிந்து, காற்றுப்புகாத சேற்றில் அழுகாமல் புதைந்தன. மேலே மணலும் களியும் ஏற ஏறச் சேறு ஆழ்ந்து, 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து எண்ணெயைக் கக்கியது. வெப்பம் மிகுந்த இடங்களில் எரிவாயுவாயிற்று. நீரைவிட இலேசான எண்ணெய் மேலேறி, மணற்பாறையின் மணிகளுக்கு இடைப்பட்ட நுண்துளைகளில் புகுந்தது. மேலே நெருக்கமான களிப்பாறை மூடியாக அமைந்த இடங்களில் மட்டும் தங்கிற்று. மூடி இல்லாத இடங்களில் தப்பிப்போயிற்று. எண்ணெய்க் கிணறு என்பது ஏரியில் இறைப்பதன்று, ஈரக் கல்லிலிருந்து உறிஞ்சுவது.

1956-இல் அமைந்த எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் 1960-களில் காவிரிப் படுகையில் துளையிடத் தொடங்கியது. நரிமணத்தில் 1980-களின் நடுவில் கைகூடியது. 1993-இல் நாகைக்கு அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கண்ணில் படாத அப்பாறைகளுக்கு அறிஞர்கள் நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினர். அடியில் ஆண்டிமடம், அதன்மேல் சாத்தப்பாடி, அதன்மேல் புவனகிரி. இன்னும் மேலே குடவாசல், நன்னிலம். சாத்தப்பாடிக் களிப்பாறையே எண்ணெயைப் பெற்ற தாய்ப்பாறை என்பது பெரும்பாலோர் முடிபு. மாதானத்திலோ, கடலுக்கும் முந்திய அடித்தளப் பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்தது. ஆண்டிமடம் நம் மாவட்டத்து ஊர்தான். ஆனால் உலக நிலவியலார் அப்பெயரைச் சொல்லும்போது பேருந்து நிலையத்தை நினைப்பதில்லை.

கற்பாறையிலிருந்து வரும் எண்ணெயைப் பற்றி மோசேயின் பாடல் பேசுகிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அது பாறை நிலத்து ஒலிவ எண்ணெய். அங்கே பெட்ரோலைத் தேடவேண்டாம். யோபு நூலின் 28-ஆம் அதிகாரமே இங்கே பொருந்தும். அங்கே மனிதன் இருளைத் துளைத்து, மலையின் வேரைப் புரட்டி, மறைந்ததை வெளிக்கொணர்கிறான். ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் மட்டும் ஆழ்கடலும் கைவிரிக்கிறது.

நிலத்துக்குப் பட்டா உண்டு. அடியிலுள்ள எண்ணெய் பட்டாதாரருக்கு உரியதன்று. உழவரின் அச்சம் அதைப் பற்றியதுமன்று. கிணறு ஆழத்துக்குச் செல்லுமுன் அவர்தம் ஆழ்குழாய்கள் நீரெடுக்கும் மணல் அடுக்குகளைக் கடந்தாகவேண்டும். எஃகுக் குழாயும் சிமெண்டுமே நடுவிலுள்ள காப்பு. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதைக் கண்டவர்களுக்குக் காப்பின்மீது நம்பிக்கை குறைந்திருந்தால் அவர்களைக் குறைகூற இயலாது.

2020 பிப்ரவரி 9 அன்று, காவிரிப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று முதலமைச்சர் அறிவித்தபோது அரியலூரும் அதில் இடம்பெற்றது. அதே மாதம் நிறைவேறிய சட்டத்தில் திருச்சி, கரூர் மாவட்டங்களோடு அரியலூரும் விடுபட்டது. தென்கரை மண்டலத்துக்குள், வடகரை வெளியே. ஒரே ஆறு இரு கரைக்கும் பாய்கிறது. வருவாய்த் துறையின் எல்லைக்கோட்டைப் பாறையும் அறியாது, நீரும் அறியாது.

அதே ஆண்டு சனவரியில் நடுவண் அரசு, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என விதியை மாற்றியிருந்தது. திட்டம் தீட்டுமுன் அவ்விடத்து மக்களுக்குத் தனியிடம் தரவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் கேட்டதற்கு இது நேர்மாறு. 2021 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10, கடலூரில் 5 ஆய்வுக் கிணறுகளுக்கு எண்ணெய்க் கழகத்தின் விண்ணப்பம் வந்தது. மாநில அளவில் அது நிராகரிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் பழுப்பு நிலக்கரிக்கான ஏலப் பட்டியலில் அதிதூதர் பெயர் தாங்கிய மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழவே, சில நாள்களில் நடுவண் அரசு அதை நீக்கியது. இரண்டு முறையும் வடகரையைக் காத்தது அந்தந்த நேரத்து அரசின் முடிவுதான். வேளாண் மண்டலச் சட்டம் அன்று.