நடுகல்லிலிருந்து நக்கீரர் சிலை வரை: கீரமங்கலத்தை முன்வைத்து

வியட்நாமில் மங்கோலியப் படையை 1288இல் பாக் தாங் ஆற்றில் முறியடித்த தளபதி திரான் ஹுங் தாவோவுக்குக் கீப் பாக் கோயிலில் ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். மாண்ட வீரனைத் தெய்வமாக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல் இந்த மாவட்டத்திலேயே அம்மரபின் தொன்மைக்குச் சான்று.

அதே மாவட்டத்தில், பூ கமிஷன் கடைகளுக்குப் பேர்போன கீரமங்கலத்தில், போர்வீரர் அல்லாத ஒருவருக்குச் சிலை நிற்கிறது. மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தின் நடுவே 81 அடி உயரச் சிவன். எதிரே புலவர் நக்கீரர். வாளெடுத்தவனுக்கு உரிய இடம் சொல்லெடுத்தவருக்கு வந்தது எப்படி?

சங்கப் பாடல்களில் நக்கீரர் புலவர் மட்டுமே. இறைவனோடு வாதிட்டவர் என்ற குறிப்பு அங்கே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் தம் திருப்புத்தூர்த் தாண்டகத்தில், சிவன் புலவனாய்ச் சங்கமேறித் தருமி என்பவருக்குப் பொற்கிழி அருளியதைப் பாடுகிறார். அப்பாடலிலும் நக்கீரர் பெயர் இல்லை. பொற்கிழிக் கதை முந்தியது, எதிர்வாதம் பின்னால் வளர்ந்தது என்று கொள்ள இது வலுவான இடம் தருகிறது. பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பின்னர் பரஞ்சோதி முனிவரும் பாடிய திருவிளையாடற் புராணங்களில் வாதம் முழு உருவம் பெறுகிறது. சிவன் நெற்றிக்கண் திறந்தபின்னும் அவர் பாட்டில் கண்ட குற்றம் குற்றமே என நின்ற நக்கீரர், வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்து, பணிந்து, மீள்கிறார். பதினோராம் திருமுறையில் உள்ள நக்கீரதேவ நாயனாரைச் சங்கப் புலவரின் வேறானவர் என்பர் ஆய்வாளர்; பக்தி மரபோ இருவரையும் ஒருவராக்கியது.

மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலை இன்றும் நடக்கிறது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே நக்கீரராக நடித்தார். கோயில் வீதியில் பார்த்த கதையை அந்தப் படம் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது.

புராணம் அழுத்திச் சொல்வது புலவரின் பணிவை. மக்கள் மனத்தில் தங்கியது அவர் வாதம். கீரமங்கலத்தில் அவரைச் சிவனுக்கு எதிரே நிறுத்தியிருப்பது இந்தத் தேர்வின் தொடர்ச்சி என்பது என் முடிவு. ஊர்ப்பெயரையும் நக்கீரரின் 'கீரன்' என்ற பெயரோடு சேர்த்தே இங்கு சொல்கிறார்கள்.

ஆனால் வாதத்தின் புகழில் கவிதை மறைந்துவிட்டது. அவர் பாடிய சங்கப் பாடலான நெடுநல்வாடையின் கடைசிக் காட்சி பாசறை. நள்ளிரவு, தூறல், வாடைக்காற்றில் தெற்கே சாயும் விளக்குச் சுடர். தோளிலிருந்து நழுவும் துணியை இடக்கையால் அணைத்தபடி, வாள்வீரன் ஒருவன் தோளில் மறுகை வைத்து, புண்பட்ட மறவர்களை முகம்மலர்ந்து பார்த்துவருகிறான் அரசன். நடுகல்லாகிப் போன மனிதர்களின் வலியை இத்தனை அருகில் நின்று கண்ட பாட்டு நம்மிடம் மிகக் குறைவு. 188 அடிகள்தான், நிதானமாகப் படித்தாலும் ஒரு மணி நேரம் போதும். கீரமங்கலம் பள்ளிகளும் கோயிலும் சேர்ந்து, மகா சிவராத்திரி இரவில் அந்தச் சிலை முன்னே நெடுநல்வாடையைப் பொருளோடு வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.