தோல் பைண்டிங் நூல் சேகரிப்பு

பழைய நூல்களை உள்ளே இருக்கும் எழுத்துக்காக மட்டுமன்றி, மேலே போர்த்திய தோலுக்காகவும் அதில் பதித்த பொன்வேலைக்காகவும் தேடி வாங்கும் ஐரோப்பிய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே நூல்கள் பெரும்பாலும் வெறும் தாள்களாகவோ எளிய அட்டையோடோதான் கடைக்கு வந்தன. பைண்டரிடம் கொடுத்துத் தோலில் கட்டிக்கொள்வது வாங்கியவர் வேலை. ஆகவே அட்டை, எழுதியவரைவிட வைத்திருந்தவரைப் பற்றியே அதிகம் சொல்லும். சேகரிப்பாளரை இழுப்பதும் அதுதான்.

ஐரோப்பாவில் சிதையாமல் எஞ்சிய கட்டுகளில் மிகப் பழையது, 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் புனித கத்பர்ட் நற்செய்தி. ஒரு கையில் அடங்கும் சிறு நூல், செந்நிற ஆட்டுத்தோல். 1104இல் கத்பர்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. பிரிட்டிஷ் நூலகம் 2012இல் இதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

சூடேற்றிய அச்சால் தங்கத்தாளைத் தோலில் பதிக்கும் கலை, 15ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய நாடுகளிலிருந்து இத்தாலிக்கு வந்தது. அதன் பெரும் புரவலர் ழான் குரோலியே (இறப்பு 1565). பிரெஞ்சு அரசின் கருவூல அதிகாரியாக மிலானில் இருந்தவர். வெனிஸின் ஆல்டஸ் அச்சக நூல்களை ஆசையாகச் சேர்த்தவர். அவர் நூல்களின் அட்டையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் பட்டைக் கோலம், நடுவே நூற்பெயர், அடியில் 'குரோலியேக்கும் நண்பர்களுக்கும் உரியது' என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி. புத்தகத்தை இரவல் தரவே அஞ்சுகிறவர்கள் இந்த வரியைப் பார்க்க வேண்டும். 1884இல் நியூயார்க்கில் தொடங்கிய நூல் ஆர்வலர் மன்றம் அவர் பெயரையே வைத்துக்கொண்டது.

அலங்காரத்தின் உச்சம் லண்டனில் நிகழ்ந்தது. சங்கோர்ஸ்கி - சட்கிளிஃப் பட்டறை 1911இல் உமர் கய்யாமின் ருபாயியத் கவிதை நூலுக்கு மயில்கள் பொறித்து, 1,050 மணிக்கற்கள் பதித்த அட்டை செய்தது. மறு ஆண்டு ஏலத்தில் 405 பவுண்டுக்குத்தான் போனது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கப்பல் டைட்டானிக். சில வாரங்களில் சங்கோர்ஸ்கியும் கடலில் மூழ்கி இறந்தார். அதே வடிவில் செய்த இரண்டாம் படி, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. மூன்றாவது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

குண்டுக்கும் கடலுக்கும் தப்பிய நூல்களை அரித்தது பதனிட்ட முறை. லண்டன் கலைச் சங்கக் குழு ஒன்று 1901இல் இதை ஆராய்ந்தது. சுமாக் செடியின் இலையில் பதனிட்ட தோல் நிலைத்தது. இந்தியாவிலிருந்து சென்ற மலிவான ஆட்டுத்தோல், பைண்டிங்குக்கு மிக மோசம் என்றது அறிக்கை. குழு குறை கண்ட பதனச் சரக்குகளில் நம் ஆவாரம்பட்டையும் ஒன்று. அதில் பதனிட்டது செருப்புக்கும் பைக்கும் நல்ல தோல்தான். நூற்றாண்டுகள் அலமாரியில் நிற்கவேண்டிய நூலுக்கு ஆகவில்லை. வாயு விளக்குகளின் புகையும் சேர்ந்து கெடுத்தது.

பழைய தோல் நூல் வாங்குகிறவர்கள் பொன்வேலையைப் பார்ப்பதற்கு முன் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் அந்தத் தோல் இனித் தேறாது.