கண்டடைதலும் எழுத்தும்: இந்திய மொழிப் பனுவல்களுக்கான தேடுவழிகளின் வரலாறு

ஒரு மொழியில் பனுவல் இருப்பது வேறு; அம்மொழி அறிந்தவர் அதனைத் தேடிக் கண்டடைய இயல்வது வேறு. இந்திய மொழிகளில் இணையப் பக்கங்கள் பெருகிய கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் முன்னதன் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எத்தனை மொழிகள், எத்தனை பக்கங்கள் என்னும் கணக்கே அதில் மிகுதி. பின்னதன் வரலாறு இணையத்தினும் பழையது. அச்சு நூற்பட்டியல்களில் தொடங்குவது. தேடுபவர் எழுதும் எழுத்தும் பனுவலைப் பதிந்து வைத்த எழுத்தும் ஒன்றாக இருந்தனவா என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி எனலாம்.

தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட பட்டியல் ஆங்கிலம் அறிந்தோரை நோக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் 1909இல் அமைத்த பட்டியலும் அத்தகையதே. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் தேசிய நூலகராக இருந்த பி. எஸ். கேசவனின் முயற்சியால் 1958இல் வெளிவந்த இந்திய தேசிய நூற்பட்டியலும் எல்லா மொழி நூல்களின் பெயர்களையும் ரோமன் எழுத்தில், மேற்புள்ளி கீழ்ப்புள்ளிக் குறிகளுடன் பதிந்தது. இதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆங்கிலம் உள்ளிட்ட பதினான்கு மொழிகளின் நூல்களை ஒரே அகரவரிசையில் நிறுத்த அன்று வேறு வழியில்லை. ஒரு பொருள்பற்றி வங்காளியிலும் மராத்தியிலும் தமிழிலும் வந்த நூல்களை ஒரே பக்கத்தில் காணும் வாய்ப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு அதனால்தான் கிட்டியது. எனினும் தாய்மொழி மட்டும் அறிந்த வாசகர் தம் மொழி நூலைத் தாமே தேடி எடுக்க முடியாத பட்டியல் அது. அவருக்கு நூலகரின் துணை வேண்டியிருந்தது. பின்னாளில் மைய மேற்கோள் நூலகம் மொழிவாரிப் பட்டியல்களை அவ்வம்மொழி எழுத்திலேயே வெளியிட நேர்ந்தது இக்குறையை உணர்ந்தமையால் எனக் கொள்ளலாம்.

கணிப்பொறிக்கு இந்திய எழுத்துகளைக் கொண்டு சென்றவர்கள் இவ்விரு தேவைகளையும் ஒருசேர எண்ணிப் பார்த்தனர் என்பது இன்று பலரும் மறந்த செய்தி. 1988இல் உருவாகி 1991இல் இந்தியத் தர நிறுவனத்தின் தரமாக ஏற்கப்பட்ட இஸ்கி குறிமுறையில், பிராமி வழி வந்த எழுத்துகள் அனைத்திலும் ககரத்துக்கு ஒரே எண்தான். எந்த எழுத்தில் காட்டுவது என்பதைத் தனிக் குறி ஒன்று சொல்லும். ஆகவே கன்னடத்தில் பதிந்த பெயரைத் தெலுங்கில் காண்பதும் தேடுவதும் குறியை மாற்றுவதளவே எளிதாயின. தமிழுக்கு மட்டும் இந்த ஏற்பாடு முழுதும் பொருந்தவில்லை. நால்வகைக் ககரங்களும் தமிழில் ஒன்றாகிவிடுவதால், இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த பெயர் மீண்டும் இந்திக்குப் பழைய உருவில் திரும்ப இயலாது.

இத்தகைய தரம் கையில் இருந்தும், இணையம் பரவிய காலத்தில் இந்திய மொழிப் பக்கங்கள் அதனைப் பின்பற்றவில்லை. உலாவிகள் இஸ்கியை அறியா. அவை அறிந்தவை ரோமன் எழுத்துகளும் அவற்றைக் காட்டும் எழுத்துருக்களுமே. எனவே ரோமன் எழுத்துகளின் இடத்தில் இந்திய எழுத்துகளின் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பெருகின. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதினால் கணிப்பொறி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ரோமன் எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. திரையில் தமிழ் தோன்றும். சேமிப்பில் தமிழ் இல்லை. தேடுபொறி படிப்பது திரையையன்று, சேமிப்பை. ஆதலின் அப்பக்கம் தேடுபொறியின் நோக்கில் எம்மொழிக்கும் உரியதாகாத ரோமன் எழுத்துக் குவியல். வேறோர் எழுத்துருவில் அதே சொல்லுக்கு வேறு குவியல். ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்த அக்காலத்தில், வாசகர் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொண்டு பின்னரே பக்கத்தைப் படிக்க இயன்றது. முகவரியை முன்னரே அறிந்தவர் மட்டுமே ஒரு பக்கத்தை அடைந்தனர். நூற்பட்டியல் ரோமன் எழுத்தை வெளிப்படையாகக் கையாண்டது. எழுத்துருக்கள் அதனை மறைவில் கையாண்டன. விளைவில் இரண்டாவது முதலாவதினும் கொடியது. நூற்பட்டியலின் ரோமன் எழுத்தையாவது கற்றவர் படித்தறியலாம்.

இந்நிலையைச் சீர்செய்யும் முயற்சிகள் தமிழில் முன்கூட்டியே எழுந்தன. இணையவழிக் கலந்துரையாடலில் திஸ்கி உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து டாம், டாப் என்னும் குறிமுறைகளைத் தமிழக அரசு ஏற்றது. ஒன்றுக்கு மேற்பட்ட தரங்கள் நிலவினால் அவற்றுள் ஒன்றும் தரமாகாது என்பது அப்போது பலருக்கும் தெரிந்தே இருந்தது. இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவை அடியொற்றி 1991இலேயே வெளிவந்துவிட்ட யூனிகோடு, விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் தேவநாகரிக்கும் தமிழுக்கும் இடம் கிடைத்த பின்னரே நடைமுறைக்கு வந்தது. வங்காளியும் மலையாளமும் அதே வசதியைப் பெற 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்தது. அதனால்தான் அந்நூல்கள் இன்றும் தேடினால் கிட்டுகின்றன. மாற்றப்படாத தளங்களின் கதி வேறு. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றபோது, பழைய எழுத்துருக்களிலேயே நின்றுவிட்ட பக்கங்கள் பல அழியாமலே காணாமற் போயிருந்தன.

யூனிகோடு வந்தபின் சிக்கல் தீர்ந்ததென்பாரும் உளர். எழுத்து தன் அடையாளத்தைப் பெற்றது; அதன் வரிசை பெறவில்லை. இஸ்கி தேவநாகரியின் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, தென்மொழிகளுக்கே உரிய எழுத்துகளை அவற்றின் இன எழுத்துகளின் அருகே செருகியது. யூனிகோடு அதனை அப்படியே ஏற்றமையால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண்வரிசைப்படி அடுக்கினால் 'மனம்' 'மரம்' என்பதற்கு முன்னே வரும். தமிழ் அகராதியில் அது பின்னே வருவது. புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது ஆதலின் 'அக்கா' 'அகிலம்' என்பதற்குப் பின்னே தள்ளப்படும். அகராதி புரட்டிப் பழகிய வாசகர், பட்டியலில் உரிய இடத்தில் சொல்லைக் காணாதபோது அச்சொல் இல்லை என்றே முடிவு செய்வார். மொழிவாரி வரிசை விதிகள் தனியே வகுக்கப்பட்டுத் தமிழ்வரிசை இன்று கிடைக்கிறது. ஆயினும் அவ்விதிகளைக் கையாளாத தளங்களில் பழைய பிழை தொடர்கிறது. ஒகர உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும், எகரக்குறியும் துணைக்காலுமாக இரண்டு எண்களாகவும் பதிய இடமுண்டு. இரண்டும் திரையில் ஒன்றே. இரண்டையும் சமப்படுத்திக்கொள்ளாத தேடுபொறிக்கு வெவ்வேறே.

எழுத்தைக் கடந்தால் சொல். மொழியியலார்க்கு உரிய பணி இங்கேதான் தொடங்குகிறது. அச்சு நூலின் பின்னிணைப்பாக அமையும் சொல்லடைவைத் தொகுப்பவர் மரத்தை, மரத்தில், மரங்கள் ஆகிய அனைத்தையும் 'மரம்' என்னும் தலைச்சொல்லின்கீழ்க் கொணர்வார். எழுத்துத் தொடரை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு 'மரம்' என்பதும் 'மரத்தை' என்பதும் தொடர்பற்றவை. 'மரத்தைப் பார்த்தான்' என்புழி மிக்க பகர ஒற்றும் சொல்லின் உறுப்பாகவே எண்ணப்படும். கலைச்சொற்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. வலைத்தளம், இணையதளம், இணையத்தளம் என ஒரு பொருளுக்கு மூன்று வழக்குகள். ஒன்றைத் தேடுபவர் மற்ற இரண்டையும் இழக்கிறார். சொல்லாக்கத்தில் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கைச் சொல்லொப்புமைப் பட்டியல் தொகுப்பதில் காட்டியிருந்தால் வாசகர்க்குப் பயன் மிகுந்திருக்கும்.

மொழியின் பெயரும் ஒரு தேடுவழியே. ரூபாய்த் தாளின் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் தொகை அச்சிடப்பட்டுள்ளது. அவற்றின் வரிசை ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசை. அசாமியில் தொடங்கி உருதுவில் முடிவது. ஆனால் எழுத்தறிந்த எவரும் அவ்வரிசையை அறியாமலே தம் மொழியைக் கண்ணால் கண்டுகொள்கிறார், ஏனெனில் ஒவ்வொன்றும் தன் எழுத்தில் உள்ளது. மொழித்தெரிவுப் பட்டியலில் மொழிப்பெயர்களை ஆங்கிலத்தில் நிரல்படுத்தும் தளங்கள் இந்த எளிய உண்மையைக் கைவிடுகின்றன. பக்கத்தின் மொழி இன்னதென்று கருவிக்கு அறிவிக்கும் குறிப்புக்கு 1997ஆம் ஆண்டின் எச்டிஎம்எல் தரம் இடமளித்தது. அதில் இடுதற்குரிய மொழிக்குறிகள் எல்லா மொழிக்கும் உடனே அமையவில்லை. போடோ மொழி எட்டாவது அட்டவணையில் இடம்பெற வழிவகுத்த அரசியலமைப்புத் திருத்தம் 2003ஆம் ஆண்டினது. பன்னாட்டுத் தர நிறுவனத்தின் பட்டியலில் அதற்குத் தனிக்குறி கிடைத்தது 2007இல். துளுவுக்கும் அவ்வாண்டே. அதுவரை அம்மொழிகளின் பக்கங்கள் தம் பெயரைத் தாமே சொல்ல இயலாதிருந்தன.

மைசூரில் 2016 மே மாதம் தொடங்கிய பாரதவாணி வலைத்தளம் பல மொழி அகராதிகளையும் நூல்களையும் ஓரிடத்தில் திரட்டியது. இத்தகைய திரட்டுகளில் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கப்படங்களாகவே இடம்பெறுகின்றன. படத்தில் எழுத்து இல்லை. ஆகவே தேடல் நூலின் உள்ளே செல்லாமல் அதன் விவரக்குறிப்போடு நின்றுவிடுகிறது. இந்திய மின்னூலகத் திட்டத்தில் இலட்சக்கணக்கான நூல்களுக்கு இவ்விவரக்குறிப்புகள் ரோமன் எழுத்தில், 1958ஆம் ஆண்டின் நூற்பட்டியல் கவனமாகக் காத்த குறிகள் ஏதுமின்றிப் பதியப்பட்டன. தகரத்தை ஒரு பதிவர் ஒரெழுத்தாலும் இன்னொருவர் ஈரெழுத்தாலும் குறித்தனர். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்து நின்றது. ஒரு நூலின் முந்தைய மொழிபெயர்ப்பைத் தேடும் மொழிபெயர்ப்பாளர் அதன் பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்து, எதிலும் கிட்டாமல், இல்லையெனக் கருதித் தாமே மீண்டும் மொழிபெயர்க்கத் தொடங்கலாம். அவர் தேடிய நூல் அத்தொகுப்பிலேயே, அவர் எண்ணிப் பாராத ஆறாவது எழுத்துக்கூட்டலில் இருக்கக்கூடும்.